அரை வாட் போதும்: டர்பன் கிடங்கில் ஒன்றரை வருடம் ஓடிய வாக்கி டாக்கி

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே பீனிக்ஸ் பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கிடங்கில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். அரிசி, பருப்பு, மசாலா, நெய் டின், ஊறுகாய் பக்கெட், கற்பூரம், ஊதுபத்தி, எது கேட்டாலும் இருக்கும், எங்கே இருக்கிறது என்பதுதான் பிரச்சனை. முன்னால் கவுண்டர், பின்னால் லாரி வந்து நிற்கும் டாக், நடுவில் கூரை உயரத்துக்கு இரும்பு ரேக், ஒரு மூலையில் குளிர் அறை, மாடியில் ஆபீஸ். கவுண்டரில் இருந்து டாக்குக்குப் போய்த் திரும்ப மூன்று நிமிடம் ஆகும். ஒரு நாளைக்கு எத்தனை நடை என்ற கணக்கு என் முழங்காலுக்குத்தான் தெரியும்.

போன் இல்லையா என்பீர்கள். இருந்தது. ஆனால் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் வண்டியில் இருக்கும்போது போனைத் தொடக்கூடாது என்பது எங்கள் கிடங்கு விதி, வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினால் அவர் வண்டியை ஓரம்கட்டி, கையுறையைக் கழற்றி, திரையைத் தடவி, கேட்டு முடிப்பதற்குள் கஸ்டமர் பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார். (பாக்கி என்றால் இந்த ஊரில் பிக்கப் வண்டி. கடன் பாக்கி வேறு, அதுவும் எங்களிடம் நிறைய இருக்கிறது.) லோட்ஷெடிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) மோசமாக இருந்த 2022, 2023 வருடங்களில் இன்னொரு கூத்து: கரண்ட் போய் ரொம்ப நேரம் ஆனால் டவர் பேட்டரியும் இறங்கி, போனில் ஒரு கோடுகூட நிற்காது. இப்போது லோட்ஷெடிங் குறைந்துவிட்டது, ஆனால் அந்த நினைப்பு போகவில்லை. "வாக்கி டாக்கி வாங்கிடலாமா?" என்று முதலாளி அக்கா கேட்டதும் நான் அன்றைக்கே ஆர்டர் போட்டேன். அந்த அவசரம்தான் முதல் தப்பு.

ஆன்லைனில் கிடைத்த ஆறு ரேடியோ அடங்கிய ஒரு பெட்டி, எல்லாம் சேர்த்து 1,600 ரேண்ட் சொச்சம். பிராண்டையும் விற்றவரையும் சொல்லப் போவதில்லை, இதே மாதிரி பெட்டி பத்துப் பேர் பத்துப் பெயரில் விற்கிறார்கள். 16 சேனல், 5 வாட், 400 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் வரை, கழற்றி மாட்டும் ஆன்டெனா, தலையில் ஒரு டார்ச். சேனல் குமிழைத் திருப்பினால் உள்ளிருந்து ஒரு அம்மணி நம்பர் சொல்வார். பெட்டியில் இருந்து எடுத்து சார்ஜ் ஏற்றி பட்டனை அமுக்கினால் போதும், வேலை செய்தது. சத்தமும் நன்றாகவே இருந்தது. இரண்டு வாரம் நான் தரையில் நடக்கவில்லை, அதாவது டாக்குக்கு நடக்கவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம், கன்டெய்னர் இறக்கிக்கொண்டிருக்கிறோம், நெய் டின் எண்ணிக்கை ரேடியோவில் போய்க்கொண்டிருக்கிறது, திடீரென்று நடுவில் ஒரு புதுக் குரல். கோபமே இல்லாத டர்பன் ஆங்கிலம். யார் நீங்கள், இது எங்கள் செக்யூரிட்டி கம்பெனி கன்ட்ரோல் ரூம் சேனல், எங்கள் காவலர் ஒருவர் அலாரம் அடித்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார், அவர் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை, நீங்கள் டின் எண்ணுவதுதான் கேட்கிறது என்றார். என் கையில் இருந்த ரேடியோ சுட்டது போல இருந்தது. ஆறையும் உடனே அணைக்கச் சொன்னேன். அன்றைக்கு மீதி டின்னைக் கத்திக் கத்தித்தான் எண்ணினோம்.

அடுத்த நாள் அக்கா, லைசென்ஸ் வாங்கிய ரேடியோக்களைப் பொருத்திக் கொடுக்கும் ஒரு டெக்னீஷியனைக் கூப்பிட்டார். வயதானவர், நாலு தலைமுறையாக இந்த ஊர்க்காரர், பேச்சு முழுக்க ஆங்கிலம், அங்கங்கே 'தம்பி', 'சும்மா', 'ஐயோ' என்று விழும். எல்லாரும் அங்கிள் என்றுதான் கூப்பிட்டோம். ஒரு சின்ன மீட்டரைப் பக்கத்தில் வைத்து என்னைப் பட்டனை அமுக்கச் சொன்னார். முதல் சேனலில் 462 மெகாஹெர்ட்ஸ் சொச்சம் காட்டியது. அடுத்த சேனலில் வேறு ஏதோ. "தம்பி, இது எதுவும் உன்னுடையது இல்லை," என்றார். தொழிற்சாலையில் சும்மா சோதித்துப் பார்க்க எழுதி வைத்த நம்பர்களை அப்படியே விட்டு அனுப்பிவிடுகிறார்களாம். பெட்டியில் இருந்து எடுத்ததும் வேலை செய்தது என்று நான் சந்தோஷப்பட்டேனே, அது வேறு யாரோ காசு கட்டி வாங்கிய இடத்தில் நின்றுகொண்டு வேலை செய்தது.

சட்டத்தை அவர் சொன்னதையும் அப்புறம் நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் அலைவரிசைக்குப் பொறுப்பு ஐகாசா என்ற ஆணையம். 2005-ம் ஆண்டின் 36-ம் எண் மின்னணுத் தொடர்புச் சட்டத்தில் மூன்று பூட்டு இருக்கிறது. 31-ம் பிரிவு, லைசென்ஸ் இல்லாமல் அலைவரிசையைப் பயன்படுத்தாதே என்கிறது. 32-ம் பிரிவு, லைசென்ஸ் இல்லாமல் அப்படிப்பட்ட ரேடியோவைக் கையில் வைத்திருப்பதையே தடுக்கிறது, பலருக்கு இது தெரியாது. 35-ம் பிரிவு, ஐகாசா சோதித்து ஒப்புதல் கொடுக்காத கருவியை விற்கவோ பயன்படுத்தவோ கூடாது என்கிறது. அப்படியானால் கடையில் பிள்ளைகள் விளையாட விற்கும் வாக்கி டாக்கி எப்படி? அதற்கு விலக்குப் பட்டியல் ஒன்று இருக்கிறது, 2015-ல் வந்த அலைவரிசை விதிமுறைகளோடு சேர்ந்தது. அந்தப் பட்டியலில் எங்களைப் போன்றவர்களுக்கு உதவும் வரி பிஎம்ஆர் 446 என்ற கை ரேடியோ வகை. 446.0 முதல் 446.1 மெகாஹெர்ட்ஸ் வரை, அதிகபட்சம் அரை வாட். இதற்கு லைசென்ஸும் வேண்டாம், ஆண்டுக் கட்டணமும் வேண்டாம். வீட்டிலும் பேசலாம், வேலையிலும் பேசலாம்.

ஆக, நாங்கள் இரண்டாவதாக வாங்கியது அதுதான். இந்த விமர்சனமும் அதைப் பற்றித்தான்.

பெயர் பெற்ற ஒரு கம்பெனியின் பிஎம்ஆர் 446 ரேடியோ, மூன்று ஜோடி. ஒரு ஜோடி 1,200 ரேண்டுக்குக் கொஞ்சம் மேல். அதாவது முதல் பெட்டியை விட இரண்டு மடங்குக்கும் மேலே செலவு, கிடைத்ததோ பத்தில் ஒரு பங்கு பவர். அக்காவிடம் பில்லை நீட்டும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் தேடியது ஸ்டிக்கரை. பேட்டரியைக் கழற்றினால் உள்ளே ஐகாசா என்றும் டிஏ என்று ஆரம்பிக்கும் ஒப்புதல் எண்ணும் அச்சிட்ட ஒரு சின்ன லேபிள். வாங்கும்போது இதைப் பாருங்கள். விற்பவர் 'ஐகாசா ஓகே' என்று வாயால் சொல்வது கணக்கில் சேராது. இன்னொரு அடையாளம் ஆன்டெனா. உண்மையான பிஎம்ஆர் 446 கருவியில் ஆன்டெனா உடம்போடு ஒட்டி இருக்கும், திருகிக் கழற்ற வராது. கழற்ற முடிந்தால் யாராவது பெரிய ஆன்டெனா மாட்டி அரை வாட்டை ஊரெல்லாம் கேட்க வைத்துவிடுவார்கள் என்பதால் அப்படி.

ஐரோப்பாவுக்குச் செய்த புது மாடல்களில் 16 சேனல் இருக்கும். எங்களுடையதிலும் இருக்கிறது. அதில் முதல் எட்டுதான் 446.1-க்குக் கீழே வருகிறது (446.00625-ல் ஆரம்பித்து 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 446.09375 வரை). 9 முதல் 16 வரை அதற்கு மேலே. அதனால் எட்டைத் தாண்டாதே என்று ஒவ்வொரு ரேடியோ முதுகிலும் டேப் ஒட்டி எழுதி வைத்திருக்கிறேன். பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி: அரை வாட் எட்டுமா?

பெட்டி மேல் எட்டு கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. மலை உச்சியில் ஒருவர், எதிர் மலை உச்சியில் ஒருவர் நின்று பேசினால் எட்டும், நம் வீட்டில் யாருக்கும் அப்படி வேலை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் காவல்காரரும் சோதித்துப் பார்த்தோம். கிடங்குக்குள் எந்த மூலைக்கும் எந்த மூலையில் இருந்தும் தெளிவு. கேட்டுக்கு வெளியே ரோட்டில் நேராக நடந்தால், கட்டிடங்களுக்கு நடுவே, முக்கால் கிலோமீட்டர் தாண்டி ரோபோ (இந்த ஊரில் டிராஃபிக் சிக்னலுக்குப் பெயர்) இருக்கும் முனை வரை பேச்சு புரிந்தது, முனை திரும்பியதும் கரகரப்பு, அப்புறம் ஒன்றுமில்லை. பத்து மடங்கு பவர் என்றால் பத்து மடங்கு தூரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அப்படி இல்லை. எதுவும் மறைக்காத வெளியிலேயே அது மூன்று மடங்கைச் சுற்றித்தான் வரும், சுவரும் இரும்பும் நடுவில் வந்தால் இன்னும் குறைவு. எண்பது மீட்டர் கிடங்குக்கு ஐந்து வாட் என்பது பக்கத்து வீட்டுக்குச் சாம்பார் கொடுக்க லாரி எடுப்பது மாதிரி, போகும் வழியில் நாலு பேர் கேட்டை இடித்துவிட்டுப் போவோம், அவ்வளவுதான்.

எட்டாத ஒரே இடம் குளிர் அறை. அதன் சுவர் இரண்டு பக்கமும் தகடு வைத்த பேனல், கதவை மூடினால் உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. பழைய ஐந்து வாட் ரேடியோவும் அங்கே திணறியது என்பதையும் சொல்ல வேண்டும். இது பாதுகாப்பு விஷயம் என்பதால் குளிர் அறைக்குள் போகிறவர் ரேடியோவை நம்பக்கூடாது, போகும்போது ஒரு தடவை, வெளியே வந்ததும் ஒரு தடவை சொல்ல வேண்டும், பத்து நிமிடம் சத்தம் இல்லை என்றால் யாராவது போய்க் கதவைத் திறக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

இனி எனக்குப் பிடிக்காத விஷயங்கள்.

முதலாவது, சேனல் உங்களுக்கு மட்டும் சொந்தம் இல்லை. லைசென்ஸ் இல்லாத இடம் என்றால் எல்லாருக்கும் பொது. சனிக்கிழமை காலையில் பக்கத்தில் எங்கேயோ பிள்ளைகள் போலீஸ் திருடன் விளையாடுவார்கள். ஒரு நாள் முழுக்க யாரோ ஒரு கட்டிட வேலைக்காரர் சிமென்ட் கேட்டுக்கொண்டே இருந்தார், கடைசியில் நம் பையன் ஒருவன் 'சிமென்ட் இல்லை அண்ணா, கடலை மாவு வேண்டுமா' என்று பதில் சொல்லிவிட்டான். இதற்கு மருந்தாக ரேடியோவில் சப்-கோட் இருக்கிறது. பேசும்போது ஒரு மெல்லிய ஒலியைச் சேர்த்து அனுப்பும், எதிர் ரேடியோ அதை வடிகட்டிவிடுவதால் நம் காதுக்கு வராது, 67 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து 250 வரை, வழக்கமாக 38 விதம். அதே கோட் வந்தால்தான் எதிர் ரேடியோ வாயைத் திறக்கும். நாங்கள் சேனல் 3, கோட் 12-ல் இருந்தோம், இப்போது மாற்றிவிட்டோம், அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆனால் விளம்பரத்தில் இதற்கு 'பிரைவசி கோட்' என்று பெயர் வைத்திருப்பது சுத்த ஏமாற்று. அது நம் காதை மூடுகிறதே தவிர, அடுத்தவர் காதை மூடுவதில்லை. கோட் போடாமல் அதே சேனலில் நிற்கும் யாருக்கும் நாம் பேசுவது அத்தனையும் கேட்கும். இந்த ஊரில் இது விளையாட்டு இல்லை. பணம் எடுத்துக்கொண்டு பேங்குக்கு யார், எப்போது, எந்த வண்டியில் போகிறார்கள் என்பதை ரேடியோவில் சொன்னால் அதைக் கேட்க ஆள் இருக்கும். எங்கள் விதி, காசு சம்பந்தமாக ஒரு வார்த்தைகூட ரேடியோவில் கிடையாது. அக்கா நேரில் வந்து காதில் சொல்வார். மாடியில் இருந்து இறங்கி வருவதற்குத் திட்டிக்கொண்டேதான் வருவார்.

இரண்டாவது விஷயம் கருவியின் குறை இல்லை, நாம் பழக வேண்டியது, ஆனால் பழகும் வரை ஆபத்து. பட்டனை அமுக்கியதும் ரேடியோ அனுப்ப ஆரம்பிக்க ஒரு கண நேரம் எடுக்கிறது, சப்-கோட் போட்டிருந்தால் எதிர் ரேடியோ அதை அடையாளம் கண்டு திறக்க இன்னும் கொஞ்சம். அமுக்கும்போதே பேசினால் முதல் ஓரிரண்டு அசை போய்விடும். எங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் சுலு பேசுகிறவர், நல்ல மனிதர், நான் அவரை பூத்தி (சுலுவில் சகோதரன்) என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். டாக்கில் ஒரு பேலட் (சரக்கு அடுக்கும் பலகை) சரிந்து நின்றது, பின்னால் இருந்த பையன் அவசரத்தில் 'உங்காஹம்பி' என்று கத்தினான். சுலுவில் போகாதே என்று அர்த்தம். பூத்தி காதில் விழுந்தது 'ஹம்பி' மட்டும். 'ஹம்பா' என்றால் போ. அவர் போனார். நல்லவேளை, பேலட்டில் இருந்தது ஊறுகாய் பக்கெட், ஆள் இல்லை. மாங்காய் ஊறுகாய் எண்ணெயில் இரண்டு நாள் தரை வழுக்கியது.

அன்றைக்கு முதல் நிறுத்தச் சொல்ல ஒரே வார்த்தைதான், 'இமா', அதையும் மூன்று தடவை சொல்ல வேண்டும்: இமா, இமா, இமா. முதலாவது வெட்டுப்பட்டாலும் இரண்டு மிச்சம் இருக்கும். தமிழ் பேசுகிறவர்களுக்கும் இதே பாடம்தான், 'போகாதே', 'தூக்காதே' மாதிரி கடைசியில் அர்த்தம் மாறும் சொற்களை ரேடியோவில் விட்டுவிடுங்கள், பட்டனில் இருந்து விரலைச் சீக்கிரம் எடுத்தால் வால் போய் 'போகா' என்று நிற்கும். அமுக்கு, ஒரு மூச்சு விடு, பேசு, முடித்து ஒரு மூச்சு விட்டு, விரலை எடு. வாயில் இருந்து நாலு விரற்கடை தள்ளிப் பிடித்துச் சாதாரணக் குரலில் பேசு. கத்தினால் எதிரில் உடைந்துதான் கேட்கும்.

மூன்றாவது, வாக்ஸ். பட்டனை அமுக்காமல் குரல் கேட்டதும் தானாக அனுப்பும் வசதி. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது போடும் 'பீப் பீப்' சத்தத்துக்கே அது திறந்துகொண்டது. அதை விட, போன தைப்பூசக் காவடிக்குக் கோவிலில் கார் நிறுத்துமிடம் பார்த்துக்கொண்ட தொண்டர்களுக்கு அக்கா இரண்டு ரேடியோ கொடுத்தார். யாரோ வாக்ஸைப் போட்டுவிட்டார்கள். உருமி அடிக்க ஆரம்பித்ததும் ஒரு ரேடியோ திறந்தது திறந்தபடி, சேனல் முழுக்க மேளம், மற்றவர் ஒரு வார்த்தை நுழைக்க முடியவில்லை, மேல் மைதானம் நிறைந்துவிட்டது என்று சொல்ல ஒரு தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியே வந்தான். வாக்ஸை அணைத்து வையுங்கள். அதோடு, பேசி முடித்ததும் வரும் 'டிங்' சத்தத்தையும் அணைத்துவிடுங்கள், நாள் முழுக்க அதைக் கேட்டால் தலைவலி வரும்.

பேட்டரி பரவாயில்லை. காலை ஏழரைக்கு எடுத்தால் சாயங்காலம் ஐந்து வரை வருகிறது, டிசம்பர் சீசனில் வாய் ஓயாமல் பேசுகிற நாளில் நாலு மணிக்கே அழ ஆரம்பிக்கும். சார்ஜர் தொட்டி இரண்டிரண்டாகத்தான் வருகிறது, ஆறையும் ஒன்றாக வைக்க மூன்று பிளக் வேண்டும், இதில் கொஞ்சம் எரிச்சல். இடுப்புக் கிளிப் படு மட்டம். ஒன்றரை வருடத்தில் ஆறில் நாலு உடைந்தது. ரேடியோ உடையவில்லை, கான்க்ரீட் தரையில் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறது. பிப்ரவரி மாதப் புழுக்கத்தில் காதுக்குள் வைக்கும் இயர்பீஸ் யாருக்கும் ஒத்துவரவில்லை, தோளில் குத்தும் மைக் வாங்கியதும் சரியாகிவிட்டது. கீ லாக் போட மறக்காதீர்கள், ஏப்ரன் பையில் கிடக்கும்போது சேனல் தானாக மாறி, ஒருவர் அரை நாள் யாருடனும் பேசாமல் நிம்மதியாக இருந்தார். அது தற்செயல்தானா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். குறைந்த ஒன்று கிளிப்புக்கு.

யாருக்கு இது உதவாது என்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கிளை, நடுவில் ஐந்து கிலோமீட்டர் என்றால் இதை வாங்காதீர்கள். ரிப்பீட்டர் (பேச்சை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி) வைத்து இழுக்கவும் இந்த அலைவரிசையில் வழியில்லை. அப்படிப்பட்டவர்கள் ரேடியோ டீலர் மூலமாக ஐகாசாவுக்கு விண்ணப்பித்துத் தங்களுக்கென்று அலைவரிசை வாங்கி, ஆண்டுக் கட்டணம் கட்டி, ஐந்து வாட்டோ அதற்கு மேலோ ஓட்டலாம். எங்களை அதட்டிய அந்தக் கன்ட்ரோல் ரூம் அப்படித்தான் ஓடுகிறது. அல்லது சிம் போட்டு மொபைல் நெட்வொர்க்கில் ஓடும் ரேடியோ இருக்கிறது, பார்க்க வாக்கி டாக்கி போலவே இருக்கும், ஊர் விட்டு ஊர் பேசலாம், அலைவரிசைக்கு லைசென்ஸ் தலைவலி நமக்கு இல்லை. ஆனால் மாதா மாதம் டேட்டா, டவர் போனால் அதுவும் போச்சு.

இதை வாங்கியதில் இருந்து கோவிலிலும் கல்யாண வீட்டிலும் என்னைப் பிடித்துக் கேட்பவர்கள் அதிகம். ஒருவர், 'அமெரிக்காவில் இருக்கும் மச்சான் அங்கே லைசென்ஸே வேண்டாத ரேடியோ வாங்கி வந்திருக்கிறான், அது ஆகுமா' என்றார். ஆகாது. அங்கே எஃப்ஆர்எஸ் என்ற திட்டம் 462, 467 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, இங்கே அந்த இடம் பொது இல்லை. நான் மாட்டிக்கொண்டதே 462 சொச்சத்தில்தான். ஆஸ்திரேலியச் சித்தப்பா கொடுத்தது என்றால் அது 476, 477 பக்கம், அதுவும் இங்கே செல்லாது. இந்தியாவில் 2018 விதிப்படி 446.0 முதல் 446.2 வரை குறைந்த பவர் ரேடியோவுக்கு லைசென்ஸ் விலக்கு இருக்கிறது, அதில் கீழ்ப்பாதி இங்கேயும் பொதுதான், ஆனால் அங்கே வாங்கியதில் ஐகாசா ஒப்புதல் லேபிள் இருக்காது, சூட்கேஸில் எடுத்து வராதீர்கள்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் வேறு மாதிரி கேட்பார்கள். 'அந்த ஐந்து வாட் ரேடியோவையே கம்ப்யூட்டரில் இணைத்து 446-க்கு மாற்றி, பவரைக் குறைத்துவிட்டால்?' நானும் அங்கிளிடம் இதைத்தான் கேட்டேன், 1,600 ரேண்டைக் காப்பாற்ற மனசு துடித்தது. கேபிள் மாட்டி நம்பரை மாற்றுவது அஞ்சு நிமிட வேலை, அது உண்மை. ஆனால் ஆன்டெனா கழலும், பவரைக் குறைத்தாலும் அரை வாட்டுக்குள் நிற்கும் என்று உறுதியில்லை, ஒப்புதல் லேபிளும் இல்லை. விலக்கு நம்பருக்கு மட்டும் கொடுத்தது இல்லை, அந்த நம்பரில் அப்படி ஓடும்படி செய்த கருவிக்கும் சேர்த்துக் கொடுத்தது. இன்னொருவர் ஹாம் ரேடியோ தேர்வு எழுதி லைசென்ஸ் வைத்திருப்பவர், எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இருப்பவர்களுக்கு ஜெட்எஸ்5 என்று ஆரம்பிக்கும் அழைப்புக்குறி கிடைக்குமே, அப்படிப்பட்டவர். 'என் லைசென்ஸில் உங்கள் கடை ரேடியோவை ஓட்டலாமே' என்று அவரே ஆசை காட்டினார். ஹாம் லைசென்ஸ் பொழுதுபோக்குக்கும் கற்றுக்கொள்வதற்கும், வியாபாரப் பேச்சுக்கு இல்லை. அதை அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் வேடிக்கை.

இரண்டு பேண்ட் உள்ள ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இது துறைமுக ஊர். 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் கருவியில் சும்மா நம்பரைத் தட்டினால் 156.8-ல் போய் நிற்க முடியும், அது கப்பல்கள் ஆபத்தில் கூப்பிடும் கடல் சேனல் 16. அங்கே போய் 'மச்சி கேட்குதா' என்று ஆரம்பித்துவிடாதீர்கள்.

அந்த முதல் ஆறு ரேடியோ என்ன ஆயிற்று? ரொம்ப நாள் என் மேஜை டிராயரில் பேட்டரி கழற்றிக் கிடந்தன. விற்க முடியாது, விற்றால் அதே தொல்லையை இன்னொருவர் தலையில் கட்டுவது. ஸ்டாக் கணக்கெடுக்கும் போதெல்லாம் அக்கா ஒரு பார்வை பார்ப்பார். பூத்தி வந்து, 'அண்ணா, எனக்கு ஒன்று கொடுங்கள், டார்ச்சுக்காக மட்டும்' என்றார், டார்ச் நல்ல வெளிச்சம் என்பது உண்மைதான். அங்கிளிடம் கேட்டதற்கு, கையில் இருப்பதே தப்பு என்று ஒரு பிரிவு சொல்கிறது, அதில் டார்ச் எரிகிறதா என்று யாரும் கேட்கப் போவதில்லை என்று சிரித்தார். ஆறையும் அவரிடமே கொடுத்தேன், பிரித்துப் பாகமாக எடுத்துக்கொண்டார். பூத்திக்குப் பெட்டிக்கடையில் 60 ரேண்டுக்கு ஒரு டார்ச் வாங்கிக் கொடுத்தேன், என் காசில். கிளிப் ஆர்டர் போட்டிருக்கிறேன், பத்து.